கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சக்களத்தி

எனக்கு ஒரு சக்களத்தி இருக்கிறாள். அவள் செத்து ஆயிரக்கணக்கான வருஷம் ஆகிறது என்பதுதான் ஒரே ஆறுதல்.

என் வீட்டுக்காரருக்குப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் வேலை. தோண்டி எடுத்த பானை, எங்கெங்கிருந்தோ வந்த முகமூடி, ஈட்டி, சீப்பு என்று எல்லாவற்றையும் காட்சிக்கு நிறுத்தி வைக்கத் தாங்கி செய்கிறவர். கம்பியை வளைப்பார், மரத்தை இழைப்பார். பேச்சு மட்டும் வராது. கல்யாணமான நாளிலிருந்து என்னோடு சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசியதில்லை.

அப்பேர்ப்பட்ட மனிதர், ஏதோ கல்லறையில் கிடைத்த மணிமாலை ஒன்று வந்ததும் வாயைத் திறந்தார். "அந்தப் பொண்ணுக்கு மெல்லிசுக் கழுத்தா இருந்திருக்கும்" என்றார். சாப்பிடும்போதும் அந்தப் பொண்ணு, துணி காயப்போடும்போதும் அந்தப் பொண்ணு. எனக்கு வயிறு எரிந்தது. நான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு எதிரே போய் நின்றால், "தள்ளு, வெளிச்சத்த மறைக்கிற" என்பார்.

அந்தச் சட்டையே ஒரு தொல்லை. என் இடது தோள் கொஞ்சம் இறக்கம். தையல்கார அம்மா ஒவ்வொரு தடவையும் முணுமுணுப்பாள். என்னைக் கட்டியவருக்கு அது கண்ணில் பட்டதாகவே தெரியவில்லை.

மாலையைக் காட்சிக்கு வைத்த அன்று குடும்பத்தாரையும் கூப்பிட்டிருந்தார்கள். அவள் லட்சணத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன். பானை, முகமூடி எதையும் ஏறிட்டுப் பார்க்காமல் நேராக அவள் பெட்டிக்கு நடந்தேன். சாம்பல் நிறத் துணி சுற்றிய மரக் கழுத்தும் தோளும், அதன்மேல் சிவப்பு மணிகள். பாழாய்ப்போன மாலை, அழகாகத்தான் இருந்தது.

பக்கத்தில் நின்ற காவலாளி சிரித்தார். "ஒரு பக்கம் கோணலா இருக்குது பாத்தீங்களாம்மா? நேராக்குங்கன்னு புரொபசர் எத்தனையோ தடவ சொன்னாரு. உங்க வீட்டுக்காரரு கேட்டாத்தானே! தோளுன்னா இப்படித்தான் இருக்கும்னு ஒரே பிடிவாதம்."

உற்றுப் பார்த்தேன். இடது தோள் இறங்கியிருந்தது. என் தோள் எவ்வளவோ, அவ்வளவு.

மனிதர் மூலையில் விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்தார். கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

"என்னை ஒரு வார்த்தை கேக்காம என் தோளத் தூக்கி அவளுக்குக் குடுத்திருக்கீங்களே, இது நியாயமா?"

பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். காது சிவந்துவிட்டது.

"எனக்கு வேற யாரோட தோளு தெரியும்?"

அதற்குமேல் என்னத்தைச் சண்டை போடுவது? ஆனாலும் வீடு வந்து சேரும்வரை பொருமிக்கொண்டேதான் வந்தேன். தோள் என்னுடையது, மாலை மட்டும் அவளுக்கா?