காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரிக்கு எட்டு நிமிஷம்

விடுமுறைக்கு விருதுநகர் போகும்போதெல்லாம், வீட்டில் மின்விசிறி சுவிட்சைத் தொடுவதற்கு முன்னால் நான் ரப்பர் செருப்பைத் தேடுகிறேன். காய்ந்து கிடக்கும் சிமெண்டுத் தரைதான். ஈரம் என்பதே அந்த ஊரில் கிடையாது. என் அக்கா வீட்டுக்காரர் இதைக் கவனித்து வைத்துக்கொண்டு, டெல்லித் துரைக்கு வெறுங்காலோடு நிற்க முடியாதோ என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். வீட்டுக்குள் செருப்போடு நடக்கிறானே என்று அம்மாவுக்கு மனத்தாங்கல். நான் யாருக்கும் விளக்கம் சொல்வதில்லை. சொல்ல ஆரம்பித்தால் முழுவதையும் சொல்ல வேண்டியிருக்கும்.

ஊரில் உள்ளவர்களுக்குக் கூலர் என்றால் விளங்காது. ஐஸ் பெட்டியா என்று கேட்பார்கள். அரை ஆள் உயரத்துக்கு ஒரு தகரப் பெட்டி. மூன்று பக்கமும் புல் அடைத்த சட்டம், நடுவில் பெரிய விசிறி, அடியில் தண்ணீர், அந்தத் தண்ணீரைப் புல்லின் மேல் ஊற்ற ஒரு சின்ன மோட்டார். மே மாதத்தில் டெல்லியில் வீசும் காற்று அடுப்புக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். இந்தப் பெட்டி இல்லாமல் கண்மூட முடியாது. தகரத்தையும் தண்ணீரையும் கரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, பக்கத்திலேயே பிள்ளைகளைப் படுக்கப் போடுகிற ஊர் இது. வந்த புதிதில் எனக்கு அது பெரிய வசதியாகத்தான் தெரிந்தது.

ஆறு வருஷம் முன்பு, டெல்லியெல்லாம் மேம்பாலம் கட்டிக்கொண்டிருந்த சமயம். ஆர்.கே. புரத்தில் ராஜாங்கம் அண்ணனுடைய குவார்ட்டர்ஸின் பின்னறையில் நான் குடியிருந்தேன். அண்ணன் எங்கள் ஆபீசில் எனக்கு சீனியர், சாத்தூர்க்காரர். சொந்தம் என்று எதுவும் கிடையாது. ஆனாலும் அவர் மனைவி கோமதி எனக்கு மதினி, பிள்ளைகளுக்கு நான் சித்தப்பா. டெல்லியில் உறவுமுறை அப்படித்தான், ஆபீசிலிருந்து வரும். மூத்தவள் வசந்திக்குப் பதினொன்று, சின்னவன் பாபுவுக்கு நாலு. இரண்டும் இங்கேயே பிறந்ததுகள். வசந்தி நம்மிடம் பேசுவது தமிழ், தம்பியோடு சண்டை போடுவது இந்தி.

அன்று காலை ஐந்து மணிக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. அண்ணன் கூலரில் தண்ணீர் ஊற்ற வாளியோடு பால்கனிக்குப் போனார். வெறுங்கால், தரையெல்லாம் தண்ணீர், சுவிட்சை அணைக்கவில்லை. வாளி விழுந்த சத்தத்தில்தான் நான் எழுந்தேன். பக்கத்துப் பிளாட் சர்தார்ஜியின் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, போலீஸுக்குச் சொல்ல வேண்டும் என்றார். அவ்வளவுதான். முப்பத்தெட்டு வயது மனிதர்.

கரண்ட் சாவு என்றால் போஸ்ட்மார்ட்டம் உண்டு. உடம்பு சாயந்திரத்துக்குள் வரும் என்றார்கள். ஊருக்குத் தந்தி அடித்தாயிற்று, ஆனால் சொந்தக்காரர்கள் ரயிலேறி வந்து சேர இரண்டு நாளாகும். அந்த வெயிலில் அத்தனை நேரம் யார் வைத்திருக்க முடியும்? எல்லாவற்றையும் எங்கள் செக்ஷன் ஆபீசர் வேலாயுதம் அண்ணாச்சிதான் முடிவு செய்தார். பிள்ளைகளிடம், அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டிருக்கிறார்கள் என்று மட்டும் சொல்லியிருந்தோம். உள்ளே மதினியின் அழுகை, வெளியே போலீஸ்காரரின் கேள்வி, நடுவில் அறுக்கிறது தைக்கிறது என்று பெரியவர்கள் பேச்சு. அண்ணாச்சி என்னைச் சமையலறைப் பக்கம் இழுத்துக்கொண்டுபோய்ச் சொன்னார்.

"பிள்ளைகளை எங்கயாவது கூட்டிட்டுப் போயி வேடிக்கை காட்டு. நாலு மணிக்கு இங்க இருக்கணும், பாத்துக்க. வண்டி வந்துரும். பிள்ளைக முகத்தப் பாக்கணும். கொள்ளிச் சட்டிய அந்தப் பயல் தொட்டுக் குடுத்தாத்தான் நாங்க கொண்டு போக முடியும்."

பிறகுதான் கவனித்தேன், திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் வசந்தி நின்று ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்டிருக்காது என்று நானாகவே நினைத்துக்கொண்டேன்.

எங்கள் ஊரில் சாவு வீட்டில் பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்ட ஆள் போடுவதில்லை. பந்தலுக்குக் கீழேயே ஓடி விளையாடும். பசித்தால் எதிர்வீட்டில் சோறு போடுவார்கள். சங்கு ஊதினதும் யாராவது கையைப் பிடித்துக் கூட்டிவந்து முகத்தைப் பார்க்க வைப்பார்கள். செத்துப்போனது யார், இனி வரமாட்டார் என்பது அதுகளுக்கே தெரிந்துவிடும். எங்கள் குவார்ட்டர்ஸில் நாலு மாடி, எட்டு வீடு, எட்டுப் பாஷை. மறைப்பதற்குத் தோதான இடம். படியிறங்கும்போது சர்தார்ஜியின் மனைவி குறுக்கே வந்து, எங்கே என்று கேட்டாள். மேளா, வேடிக்கை பார்க்க என்றேன். அவள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு இந்தியில் நெடுநேரம் சொன்னாள். பிள்ளைகளைக் கொண்டுபோகாதே, தாயின் பக்கத்தில் இருக்கட்டும் என்றாள். அயல் வீட்டுக்காரிக்கு நம் வழக்கம் என்ன தெரியும் என்று எனக்கு எரிச்சல். எங்களில் இப்படித்தான், பஹன்ஜி என்று சொல்லிக் கையை விடுவித்துக்கொண்டேன். எங்களில் அப்படி ஒரு வழக்கமும் கிடையாது. அது அன்றைக்குக் காலையில் நாங்களாக உண்டாக்கினது.

நான் அவர்களைக் கூட்டிப்போன பூங்கா அப்போது புதிது. ராட்டினங்கள் ஒருபுறம், மாநிலத்துக்கு ஒன்றாகக் கட்டின அரங்குகள் ஒருபுறம். ராஜஸ்தானுக்கு மண் குடிசையும் பொம்மலாட்டமும், காஷ்மீருக்குச் சிமெண்டுத் தொட்டியில் ஒரு படகு. தமிழ்நாட்டுக்கு மூன்று நிலைக் கோபுரம், எல்லாம் பிளாஸ்டர். பொம்மைகளுக்குப் பச்சையும் ரோஸுமாகப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். வாசலில் வேஷ்டி கட்டி விபூதி பூசிய ஒருவன் கைகூப்பி நின்றான். தமிழன் என்று நினைத்து, எந்த ஊர் என்று கேட்டேன். கட்வால் என்றான். மலையிலிருந்து பிழைக்க வந்தவன். வேஷ்டி இடுப்பில் நிற்காமல் மேலே பெல்ட் போட்டிருந்தான். நாங்கள் மதராஸிலிருந்து சுற்றிப்பார்க்க வந்த குடும்பம் என்று எண்ணி, வீட்டு ஞாபகம் வருகிறதா என்று பிள்ளைகளைக் கேட்டான். வசந்தி அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வருகிறது என்றாள்.

இதையெல்லாம் சுற்றி ஒரு பொம்மை ரயில் ஓடியது. காஷ்மீரில் ஏறினால் எட்டு நிமிஷத்தில் கன்னியாகுமரி. வழியில் பெயர்ப்பலகைகள், கடைசியில் ஒரு நீலத் தண்ணீர்த் தொட்டி, அதில் ஒரு பாறை. பாபுவுக்கு அந்த ரயில் பிடித்துப்போயிற்று. ஊருக்குப் போகும் ரயிலில் இரண்டு ராத்திரி படுத்து எழுந்தவன் அல்லவா? கோபுரம் தெரிந்ததும் நம்ம ஊரு வந்துருச்சு, அப்பாட்ட சொல்லணும் என்று கத்துவான். ஒவ்வொரு சுற்றிலும் கத்தினான். நான் எதிர்ப்பக்கம் திரும்பிக்கொள்வேன். வசந்தி அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பொம்மையைப் பார், குரங்கைப் பார் என்று காட்டிக்கொண்டே வந்தாள். ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தால் தன்னுடையதையும் அவனுக்கே கொடுத்தாள். இடையிடையே என்னிடம் ஒன்றுதான் கேட்டாள்.

"சித்தப்பா, டைம் என்ன ஆச்சு?"

பன்னிரண்டரைக்குக் கேட்டாள். இரண்டுக்குக் கேட்டாள். இரண்டே முக்காலுக்குக் கேட்டாள். பொம்மலாட்டம் மூன்று மணிக்கு என்று பலகையில் எழுதியிருந்தது, அதற்காகத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். புத்திசாலி என்று ஆபீசில் எனக்குப் பெயர்.

மூன்று மணிக்குக் கிளம்பியிருக்க வேண்டும். வீடு போய்ச்சேர முக்கால் மணி நேரம் ஆகும். அது எனக்குத் தெரியாமல் இல்லை. மூன்று அடிக்கும்போது கையில் கட்டியிருந்த வாட்சைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். பாபு இன்னொரு சுற்று என்று தரையில் விழுந்து அழுதான். சரி என்றேன். அவன் அழுததால் இல்லை. வெளியே கேட்டைத் தாண்டினால், பஸ்ஸிலோ, இங்கே ஸ்கூட்டர் என்று சொல்லும் ஆட்டோவிலோ உட்கார்ந்து அந்தப் பெண்ணிடம் நான் வாயைத் திறந்து சொல்லியாக வேண்டும். அதற்கு எனக்குத் தைரியம் இல்லை. சுற்று முடிந்ததும் மறுபடி ஏறினோம். பிறகு கோபுரத்துக்கு முன்னால் ஒரு போட்டோக்காரன் பிடித்துக்கொண்டான். பலகையில் வேஷ்டி துண்டோடு ஓர் ஆண், பட்டுப்புடவையோடு ஒரு பெண், முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. பின்னாலிருந்து தலையை நுழைத்தால் படம். வசந்தி புடவைக்காரிக்கு முகம் கொடுத்தாள். பாபுவை நான் தூக்கிப் பிடித்து வேஷ்டிக்காரனுக்கு முகம் கொடுக்க வைத்தேன். சிரி மகளே, சிரி என்று போட்டோக்காரன் கெஞ்சினான். அப்பா வரவில்லையா என்று வேறு கேட்டான். டியூட்டி என்றேன்.

கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டர் பிடிக்கும்போது மணி நாலு அடித்து ஐந்து நிமிஷம். சொல்ல வேண்டியதை வழியிலும் நான் சொல்லவில்லை. அவளும் அதற்குமேல் டைம் கேட்கவில்லை. பாபு என் மடியில் தூங்கிவிட்டான்.

குவார்ட்டர்ஸ் வாசலில் இறங்கியபோது கீழ்ப்படியிலிருந்து தண்ணீர் வடிந்து ரோட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதில் இரண்டு மூன்று செவ்வந்தி இதழ்கள். இரண்டு வருஷம் முன்பு சாத்தூரில் தாத்தாவைத் தூக்கிய அன்று வசந்தி அங்கே இருந்தவள். தூக்கினதும் வீட்டைக் கழுவிவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். தண்ணீரை மிதிக்காமல் ஓரமாக நின்றாள்.

"கழுவிட்டாங்க சித்தப்பா" என்றாள். பிறகு மெதுவாக, "நாலு மணின்னுதான சொன்னாங்க?"

வண்டி நாலுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே வந்திருக்கிறது. நாலரை வரைக்கும் காத்திருக்கிறார்கள். மதினி வண்டிக்குக் குறுக்கே படுத்து, பிள்ளைகள் வரட்டும் என்று மன்றாடியிருக்கிறாள். அறுத்த உடம்பு, வெயில் தாங்கவில்லை. டிரைவர் அவசரப்படுத்தியிருக்கிறான். அண்ணாச்சி ரோட்டு முனைக்கும் வீட்டுக்குமாக நடந்து பார்த்துவிட்டு, கடைசியில் எடுக்கச் சொல்லிவிட்டார். யமுனைக் கரையில் கொள்ளி வைத்ததும் அவர்தான். ஒட்டும் இல்லை உறவும் இல்லை, சர்வீஸில் மூத்தவர் என்பதுதான் பாத்தியம். நான் படியேறிப் போனபோது மணி நாலு ஐம்பது. இருபது நிமிஷம். ஒரு ரயில் சுற்றும் ஒரு போட்டோவும்.

மதினி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. கேட்டுத் திட்டியிருந்தால் எனக்கு நன்றாயிருந்திருக்கும். கருணை அடிப்படையில் எங்கள் ஆபீசிலேயே அவளுக்கு வேலை கொடுத்தார்கள். அதனால் ஊருக்குத் திரும்பவும் வழியில்லாமல் போயிற்று. டெஸ்பாட்ச் செக்ஷனில் கவருக்குப் பசை தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். என்னைப் பார்த்தால், சாப்ட்டீங்களா தம்பி என்று கேட்பாள். அந்த வீட்டில் இன்று வரை கூலர் கிடையாது. மே மாதம் முழுக்க நனைத்த போர்வையை ஜன்னலில் தொங்கவிட்டுக்கொண்டு படுக்கிறார்கள்.

அந்தப் போட்டோவை ஒரு வாரம் கழித்துப் போய் நான் வாங்கிவந்தேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. யாரிடமும் காட்டாமல் டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டு வைத்திருந்தேன். போன மாதம் எனக்குச் சென்னைக்கு மாற்றல் கிடைக்கும் போல இருந்தது. பெட்டியை ஒழிக்கும்போது அது கையில் வந்தது. எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். மதினி கடைக்குப் போயிருந்தாள். பாபு கீழே கிரிக்கெட். வசந்திக்கு இப்போது பதினேழு. படத்தை வாங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"எத்தன மணிக்கு எடுத்தது சித்தப்பா?"

மூன்றே முக்கால் என்றேன். மூன்று மணிக்கே கிளம்பியிருக்கலாம், எனக்குத் தைரியம் வரவில்லை என்றும் சொன்னேன். ஆறு வருஷமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்த பேச்சு. ஒரே மூச்சில் முடிந்துவிட்டது. அவள் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எனக்குக் காலைலயே தெரியும். அண்ணாச்சி தாத்தா சொன்னதக் கேட்டேன்ல. மூணு மணி ஆனப்போ கிளம்பலாம்னு நான்தான் சொல்லிருக்கணும், சொல்லல. அந்த ரயில்ல சுத்திட்டே இருந்தா அப்பாவுக்கு ஒண்ணும் ஆகலன்னு இருந்துச்சு. நான் சொல்லிருந்தா நீங்க வந்திருப்பீங்க."

அது உன் தப்பு இல்லை என்றேன். அச்சா என்று தலையாட்டினாள், ஆபீசில் மேலதிகாரி சொன்னதைக் கேட்டுக்கொள்வதுபோல. தப்பு முழுக்க என்னுடையது என்று நான் நினைத்துத் திரிந்த அத்தனை வருஷமும், இந்தப் பெண் அதைத் தனியாகச் சுமந்துகொண்டு பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறாள். அன்றைக்குப் பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டினது நான் இல்லை. அவள்தான் தம்பிக்கும் காட்டினாள், எனக்கும் காட்டினாள்.

கீழே மதினியின் குரல் கேட்டது. வசந்தி படத்தை என் கையில் திணித்தாள். "இங்க வேண்டாம் சித்தப்பா, அம்மா பாத்துருவாங்க. உங்க ஊர்ல கொண்டுபோய் வச்சிருங்க."

சென்னை மாற்றலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்த ஆறு வருஷத்துக்குள் வந்த மனைவிக்குக் கோபம், அம்மாவுக்கு அழுகை. போன வாரம் லீவில் போய், படத்தை மட்டும் விருதுநகர் வீட்டு பீரோவில் வைத்துவிட்டு வந்தேன். வைப்பதற்குள் அக்கா வீட்டுக்காரர் கையிலிருந்து பிடுங்கிப் பார்த்தார். பிளாஸ்டர் கோபுரத்தையும் வேஷ்டி கட்டின நாலு வயதுப் பையனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இது எந்த ஊர்க் கோயில் என்று கேட்டார். அந்தப் படம் எடுத்த நேரத்தில் அந்தப் பையனுடைய அப்பா வண்டியில் வந்துகொண்டிருந்தார். நம்ம பக்கந்தான் என்று சொல்லிவிட்டு, பீரோவைப் பூட்டினேன்.