நாக்குக்கு வந்த தவக்காலம்

என் வீட்டுக்காரரின் வாய் எங்கள் கடற்கரையில் பேர் போனது. பாம்பனுக்கு இந்தப் பக்கம் இருக்கும் எங்கள் ஊரில் அவர்தான் மீன் ஏலம் கூறுவார். ஒரு விலைக்கும் அடுத்த விலைக்கும் நடுவில் இரண்டு கெட்ட வார்த்தை வராவிட்டால் அவருக்கு ஏலம் நகராது. வியாபாரிகள் சிரிப்பார்கள், சிரித்த வாயோடு விலையையும் ஏற்றிக் கேட்பார்கள். தொழிலுக்கு அது வேண்டும் என்றே ஊர் நினைத்துக்கொண்டிருந்தது.

வீட்டில் அதைக் கேட்க வியாபாரி யாரும் இல்லை, நான் ஒருத்திதான். குழம்பில் உப்புக் கூடினாலும் எனக்குத்தான், குறைந்தாலும் எனக்குத்தான். மூதேவி, சனியன் எல்லாம் கொஞ்சல் வகை. மற்றவை அச்சில் ஏறாது. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். அதனால் அம்மாவிடம் போய் அழுதால், "அடிக்கலேல்ல? பேச்சு என்ன, மேல ஒட்டிக்கவா போகுது?" என்பாள். எனக்கு ஒட்டிக்கொண்டது. அவருடைய சைக்கிள் சத்தம் தெருமுனையில் கேட்டாலே ஓடிப்போய்க் குழம்பில் மறுபடி உப்புப் பார்ப்பேன். கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியும் அது நிற்கவில்லை.

எண்பதுகளின் நடுவில் ஒரு வருஷம், ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் தொடங்குமுன் கோயிலில் மூன்று நாள் தியானம் நடந்தது. கடைசி நாள் பாவசங்கீர்த்தனம், சாமியாரிடம் முழங்காலிட்டுப் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது. வருஷத்துக்கு ஒரு தடவை கடமைக்குப் போய், போன வேகத்தில் எழுந்து வந்துவிடுகிற மனுஷர், அன்றைக்கு முழங்காலில் இருந்து எழுந்திருக்கவே காணோம். "என்னக்கா, பேசுனதெல்லாம் அப்பிடியே ஒப்பிக்கிறாரோ?" என்று அடுத்த வீட்டுக்காரி என் காதைக் கடித்தாள்.

பாவசங்கீர்த்தனத்தில் என்ன சொன்னாய் என்று யாரையும் கேட்கக் கூடாது. நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். தியானம் கொடுக்க வந்த வெளியூர்ச் சாமியார் இவரிடம், "நன்மைய எதுல வாங்குறீங்க?" என்று கேட்டாராம். பூசையில் தருகிற அப்பத்தைத்தான் நாங்கள் நன்மை என்போம். "நாக்குலதான் சாமி" என்று இவர் சொல்ல, "அப்ப ஆண்டவர் வந்து உக்கார்ற எடத்த எப்பிடி வச்சிருக்கீங்க?" என்றாராம். என்னிடம் அதைச் சொல்லும்போது துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஈஸ்டர் வரைக்கும் கெட்ட வார்த்தை பேசுவதில்லை என்று நேர்ந்துகொண்டு வந்திருந்தார்.

நான் நம்பவில்லை. நாய் வாலை நிமிர்த்த முடியுமா என்றுதான் நினைத்தேன்.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு கடற்கரைக்குப் போனார். ஏலம் படுத்துவிட்டது. "ஒரு கூடை பாறை மீனு..." என்று தொடங்குவார். வழக்கமான இடம் வந்ததும் வாயை இறுக மூடி, எச்சிலை விழுங்கி, வானத்தைப் பார்ப்பார். கீழக்கரையிலிருந்து மீன் எடுக்க வரும் பாய் ஒருவர், "நாங்க நோன்புக்கு வயித்தக் காயப்போடுறோம். நீங்க நாக்கையில்ல காயப்போட்டுட்டீங்க!" என்றார். கரையே சிரித்தது. சும்மா நிற்க முடியாமல் நடுவில் 'அல்லேலூயா' போட்டுப் பார்த்தார். தவக்காலத்தில் அதைச் சொல்லக் கூடாது என்று கோயில் உபதேசியார் வந்து சத்தம் போட்டார். கடைசியில் அந்தோனியாரைக் கூப்பிட ஆரம்பித்தார். "அந்தோனியாரே, சீலா! அந்தோனியாரே, நகரை!" என்று மீனுக்கு மீன் அவரைக் கூப்பிட்டு ஏலம் ஒருவழியாக ஓடியது.

வீட்டில் கோபம் வந்தால் வாசல் குடத்தில் தண்ணீர் மொண்டு வாயைக் கொப்பளிப்பார். சில நாள் குடமே காலியாகிவிடும். நான் முதுகைத் திருப்பிக்கொண்டு சிரிப்பேன். சைக்கிள் சத்தத்துக்கு உப்புப் பார்க்க ஓடுவது எப்போது நின்றது என்றே எனக்குத் தெரியவில்லை. ஆனால் கடற்கரையில் எல்லாரும், "ஈஸ்டர் முடியட்டும், திங்கக்கெழம மடை தொறந்துரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஈஸ்டருக்கு முந்தின வாரம், குருத்து ஞாயிறு தாண்டியதும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நிம்மதி என்றால் என்னவென்று தெரியாமலே இருந்திருக்கலாம். தெரிந்த பிறகு அதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனமில்லை.

அந்தத் திங்கட்கிழமையும் வந்தது. மத்தியானம் மீன் குழம்பை இறக்கிக்கொண்டிருந்தேன். தெருவில் சைக்கிள் சத்தம். பழையபடி உப்புப் பார்க்கக் கரண்டிக்கு ஒரு கையை எடுத்தேன். சட்டி வழுக்கித் தரையில் விழுந்து உடைய, அந்த நேரம் பார்த்து அவர் உள்ளே கால் வைத்தார். ஈஸ்டருக்கு எடுத்த புது வேட்டியில் முழங்கால் வரை குழம்பு.

அவர் வாயைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"சொல்லுங்க. நேர்ச்சதான் முடிஞ்சிருச்சுல்ல! 'மூதேவி, கையில என்ன புண்ணா? ஒங்க அப்பன் வீட்டுச் சட்டியாடி?' சொல்லுங்க!"

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. இத்தனை வருஷம் அவர் சொன்னதையெல்லாம் அவர் குரலிலேயே, அதே ராகத்தில் சொல்லிக்கொண்டே போனேன். அச்சில் ஏறாதவையும் வந்தன. என் அப்பாவைச் சொன்னது, பிள்ளை தங்காமல் போனபோது சொன்னது, எல்லாம் வந்தன.

ஓலை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அடுத்த வீட்டுக்காரி, "யக்கா, ஆரம்பிச்சுட்டாரா?" என்று கத்தினாள்.

"இல்லடி, நாந்தான்!"

வேலிக்குப் பின்னால் குபீரென்று சிரிப்பு. அரைத் தெருவே அங்கே நின்றிருக்கிறது. எனக்கும் சிரிப்பு வந்தது, அதோடு அழுகையும் வந்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"இம்புட்டும் நானா சொன்னேன்?"

"இன்னும் பாதி கெடக்கு."

குழம்பென்றும் பாராமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டு, "அதயும் சொல்லு புள்ள. கேட்டுக்கிறேன்" என்றார்.

சொல்லத்தான் நினைத்தேன். அதற்குப் பதில் வாசல் குடத்தில் தண்ணீர் மொண்டு நானும் வாயைக் கொப்பளித்தேன். அவர் உடைந்த சட்டியின் சில்லுகளைப் பொறுக்க ஆரம்பித்தார். பொறுக்கியபடியே வேலியைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "எல்லாரும் வீட்டுக்குப் போங்கம்மா. எனக்கு இன்னும் தவக்காலம் முடியல."

அவர் சாகும்வரை அது முடியவே இல்லை.