டிக்கியில் ஐம்பத்தாறு கிலோ

என் தங்கையின் கணவர் இருபது வருடங்களுக்கு மேலாக, போடியிலிருந்து மலைமேல் இருக்கிற ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பு ஓட்டினார். போன ஐப்பசியில் அந்த ஜீப்பு எஃப்.சி. தகுதிச் சோதனையில் தேறாமல் பழைய இரும்புக்குப் போனது. போவதற்கு முன் அதிலிருந்த பாட்டு செட்டை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டார். அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை காலை அதை என் காரின் டிக்கியில் பொருத்தினார். கிழமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. டைரியில் இருக்கிறது.

என்னுடையது எண்ணூறு சிசி சின்னக் கார். பேஸ் பெட்டி ஒன்று, ஆம்ப்ளிஃபயர் ஒன்று, அதற்கென்று தனி பேட்டரி ஒன்று. பொருத்துவதற்கு முன், தெரிந்த ஏலக்காய்க் கடைத் தராசில் மூன்றையும் வைத்துப் பார்த்தேன். ஐம்பத்தாறு கிலோ. தராசு போட்டவர் சிரித்தார்.

"ஒரு மூடையவிடக் கூட நிக்குது. மூடைன்னா ஏலத்துக்காவது போகும்."

மாப்பிள்ளை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. தங்கை வீட்டுக்காரர் ஆசையாகச் செய்வதைத் தடுக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. தடுத்தால் அதற்கான பதிலைத் தங்கைதான் அவர் வீட்டில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

அன்றிலிருந்து டைரியில் எழுதி வந்தேன். திங்கள்: வேகத்தடையில் பின்பக்கம் அடி தட்டியது. வியாழன்: மஞ்சு இறங்கியிருந்ததால் பகலிலேயே விளக்குப் போட்டேன், எதிரே வந்த பஸ்சுக்காரர் கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு திட்டினார். வண்டியின் வால் தாழ்ந்ததில் வெளிச்சம் மேலே ஏறியிருக்கிறது. சனி: மலையடிவாரத்து முந்தல் தாண்டி மூன்றாவது வளைவில் ஸ்டீயரிங் கைக்கு எடையே தெரியாமல் சுழன்றது, வண்டி அரை வினாடி கழித்துத்தான் திரும்பியது.

அந்தச் சனிக்கிழமையே அவரிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

"மச்சான், மலையில நான் ஓட்டாத ஓட்டமா? பின்னாடி லோடு இருந்தாத்தான் டயரு கவ்வும். வெறும் வண்டிதான் வழுக்கும்" என்றார்.

ஜீப்புக்கு அது உண்மை. ஜீப்பில் இழுவை பின் சக்கரத்தில். சேற்றில் சக்கரம் சுற்றினால் உள்ளே இருக்கும் தோட்டத்துப் பெண்கள் எல்லோரும் பின் படிப்பக்கம் வந்து நெருக்கி நிற்பார்கள், வண்டி ஏறிவிடும். போடி மலையில் இது தெரியாதவர் இல்லை. என் காரில் இழுவை முன் சக்கரத்தில். பின்னால் வைக்கிற ஒவ்வொரு கிலோவும் ஏற்றத்தில் முன் சக்கரத்தைத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கிவிடும். நூலகத்தில் ஒரு புத்தகத்தை எடுத்து, படத்தோடு படித்து வைத்திருந்தேன். படித்ததை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கார்த்திகையின் முதல் புதன்கிழமை. மலைமேட்டுக்கு அப்பால் எங்களுக்கு இருக்கிற சின்ன ஏலத்தோட்டத்தில் காய் எடுப்பு. நான் ஓட்ட, மனைவி முன்சீட்டில், மாப்பிள்ளை பின்சீட்டில். முதல் நாள் மழைக்குச் சரிந்த மண்ணை ரோட்டோரம் ஒதுக்கியிருந்தார்கள். மிச்சம் ரோட்டில் குழம்பாகக் கிடந்தது. பதினோராவது வளைவில் மேலிருந்து லாரி ஒன்று வந்தது. வழிவிட்டு நிறுத்தினேன். லாரி போன பிறகு வண்டியை எடுத்தேன். முன் சக்கரங்கள் இரண்டும் நின்ற இடத்திலேயே சுற்றின. கண்ணாடி வரை சேறு தெறித்தது. கைப்பிரேக்கை இழுத்து நிறுத்தினேன்.

"இறங்கி நடந்துரலாமா?" என்றாள் மனைவி.

"நீ உக்காரு தங்கச்சி. ரெண்டு நிமிச சோலி" என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை இறங்கினார். டிக்கியைத் திறக்கும் சத்தம் கேட்டது. வண்டியின் மூக்கு மெல்ல மேலே எழும்பியதை என் இருக்கையில் உணர்ந்தேன். எட்டிப் பார்த்தேன். டிக்கி விளிம்பில் உட்கார்ந்து, பெட்டியில் முதுகைச் சாய்த்து, கால் இரண்டையும் வெளியே தொங்கப் போட்டிருக்கிறார்.

"மாப்ளே, அங்க வேணாம். முன்னாடி வாங்க."

"அட வெரசா எடுங்க மச்சான்! லோடு நான் தாறேன்."

அப்போது நான் எஞ்சினை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. இருபது வருடம் ஓட்டியவர் சொல்கிறார் என்று கைப்பிரேக்கை இறக்கி ஆக்சிலேட்டரை அழுத்தினேன்.

முன் சக்கரங்கள் ஊளையிட்டன. வண்டி ஏறவில்லை, பின்னால் போனது. ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாலும் ஒன்றுதான், காற்றைத் திருப்புவது போல இருந்தது. பிரேக்கை மிதித்தேன். முன் சக்கரங்கள் இறுகிக்கொண்டு சேற்றில் வழுக்கின. டிக்கிக் கதவு தூக்கியிருந்ததால் கண்ணாடியில் ரோடு தெரியவில்லை. பின்னால் பள்ளத்துப் பக்கம் முழங்கால் உயரத் தடுப்புச் சுவர் இருக்கிறது, அதற்கும் காருக்கும் நடுவில் அவர் கால்கள் இருக்கின்றன என்பது மட்டும் தெரிந்தது.

"அண்ணே, காலத் தூக்கு! காலத் தூக்கு!" என்று மனைவி கத்தினாள்.

கைப்பிரேக்கை முழு பலத்தோடு இழுத்தேன். வண்டி குலுங்கி நின்றது.

பின்னாலிருந்து சத்தமே இல்லை. என்னால் கதவைத் திறக்க முடியவில்லை. விரல்கள் பிரேக்கை விடவில்லை. மனைவிதான் இறங்கி ஓடினாள். டயர் உருளாதபடி அண்டக் கல் வைத்துவிட்டு, "இறங்குங்க, ஒண்ணுமில்ல" என்றாள். போய்ப் பார்த்தேன். பம்பருக்கும் சுவருக்கும் இடையே ஒரு சாண். மாப்பிள்ளை அதற்குள் நழுவி வெளியே வந்து, காருக்கு மறுபுறம் பாதி உடம்பு மறைய நின்றுகொண்டிருந்தார்.

"பாத்தீங்களா மச்சான், பின்னாடி லோடு இருக்கப் போயித்தான் பிரேக்கு பிடிச்சுச்சு" என்றார்.

அது பொய்யில்லை என்பதுதான் எனக்கு எரிச்சலைக் கிளப்பியது. கைப்பிரேக் பிடிப்பது பின் சக்கரத்தை. ஆனால் அந்தப் பெட்டி இல்லையென்றால் பிரேக்குக்கு வேலையே வந்திருக்காது.

"பெட்டிய இறக்குங்க, மாப்ளே."

"மேல போயி இறக்கிக்கலாம்."

"இப்ப இறக்குங்க. இல்லன்னா இந்த வண்டி இங்கனயே நிக்கட்டும்."

அவரிடம் நான் அப்படிப் பேசியது அதுவே முதல் தடவை. மனைவி ரோட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவர் ஸ்பேனரை எடுத்து நட்டுகளைக் கழற்றினார். பெட்டி, ஆம்ப்ளிஃபயர், பேட்டரி மூன்றையும் சுவரோரம் இறக்கி வைத்தோம்.

"நீங்க போங்க. நான் ஏதாச்சும் ஜீப்புல வாறேன்" என்று பெட்டிமேல் உட்கார்ந்தார்.

முதல் முயற்சியிலேயே கார் ஏறியது.

ஒரு மணி நேரம் கழித்து, ஆள் ஏற்றிய ஜீப்பு ஒன்று பெட்டியோடு அவரைத் தோட்டத்து வாசலில் இறக்கியது. அதை ஓட்டியவர் சும்மா விடவில்லை.

"என்ன மாப்ளே, பதினோராவது வளைவுல கச்சேரியாம்ல? சொல்லியிருந்தா சமுக்காளம் கொண்டாந்திருப்பமே!"

ஜீப்பிலிருந்த பெண்கள் சிரித்தார்கள். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. பெட்டியைக் காய் உலர்த்தும் ஷெட்டுக்குள் தள்ளிவிட்டு, அதே ஜீப்பில் கீழே போய்விட்டார்.

அன்று சாயங்காலம் தங்கை போன் செய்தாள்.

"அண்ணே, அவரு முட்டிக்குக் கீழ ரெண்டு காலும் தோல் உரிஞ்சு கெடக்கு. பேண்ட்டு கிழிஞ்சிருக்கு. கேட்டா செவுத்துல ஒரசிருச்சுங்கறாரு. எந்தச் செவுரு?"

ஒரு சாண் இடைவெளியில் அவர் எப்படி வெளியே வந்தார் என்று அப்போதுதான் யோசித்தேன். வண்டி நிற்பதற்கு முன் சுவர் அவர் காலைத் தொட்டிருக்கிறது. பேண்ட்டு முழுக்கச் சேறாக இருந்ததில் கிழிசல் என் கண்ணில் படவில்லை. நடந்ததை ஒன்றும் மறைக்காமல் வரிசையாகச் சொன்னேன். கைப்பிரேக்கை இறக்கியது நான்தான் என்பதையும் சொன்னேன்.

அவள் கேட்டது ஒன்றுதான்.

"அந்தப் பெட்டி இப்ப எங்க இருக்கு?"

"தோட்டத்து ஷெட்ல."

"அங்கனயே கெடக்கட்டும்" என்று போனை வைத்தாள்.