காளிதாஸ் எழுதச் சொன்ன காரணம்

காளிதாஸ் அண்ணன் எங்கள் அலுவலகத்தில் வேலை பார்த்த ஐந்து வருடத்தில், நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு நான் அவரைப் பார்த்ததே இல்லை. காலை எட்டு மணிக்கு வரும்போதே அந்த நாளை ஒரு தடவை முடித்துவிட்டு வந்தவர்போல இருப்பார். நாற்காலியில் உட்கார மாட்டார். உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது என்பார்.

மலாக்கா டவுனில், ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது எங்கள் நிறுவனம். கணினி இணைப்புகளைப் பழுதுபார்ப்பது தொழில். போனை எடுப்பது, எங்கே என்ன கோளாறு என்று குறிப்பது, டெக்னீஷியனைப் பேஜரில் கூப்பிட்டு அனுப்புவது, அவர்கள் சொல்லும் ரிப்போர்ட்டை டைப் செய்வது, எல்லாம் என் வேலை. “அனுசியா, லைன் செத்துப்போச்சு” என்று ஒரு நாளைக்குப் பத்துப் பேராவது கத்துவார்கள், என்னவோ நான்தான் கொன்ற மாதிரி.

அப்போதெல்லாம் ரூட்டர் என்றால் பாதிப் பேருக்கு என்னவென்றே தெரியாது. ஓர் இடத்துக் கணினியை டெலிபோன் கம்பி வழியாக வேறு ஊர்க் கணினியோடு பேசவைக்கும் தட்டையான பெட்டி அது. ஓடுகிறவரை ஒருவரும் அதைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இடி விழுந்தால் போகும், எறும்பு புகுந்தால் போகும், சில சமயம் காரணமே இல்லாமல் மக்கர் பண்ணும். காளிதாஸ் அண்ணன் போய் முதலில் அதன் முதுகில் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்ப்பார். பிறகுதான் லேப்டாப்பைத் திறப்பார்.

டுரியான் துங்கால் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். அப்பா, அம்மா இருவரும் பால்மரம் வெட்டியவர்கள். ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு டிவி ரிப்பேர் கடையில் நின்றார், பிறகு கேபிள் இழுத்தார், தொண்ணூற்று மூன்றில் எங்களிடம் வந்தார். படித்தவர்கள் புத்தகத்தைப் பார்த்துச் செய்வதை அவர் ஒரு குட்டி நோட்டைப் பார்த்துச் செய்வார். எந்த இடத்துப் பெட்டியில் என்ன செட்டிங் என்று பென்சிலால் எழுதி வைத்திருப்பார். ஒரு பெட்டியைத் தொட்டால் முடிக்காமல் வர மாட்டார். அதுதான் அவருடைய பெயர். பின்னால் அவரைக் கவிழ்த்ததும் அந்தப் பெயர்தான்.

தொண்ணூற்று எட்டு ஆகஸ்ட் ஆறாம் தேதி நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். ரெம்பியாவுக்கு அந்தப் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலை. அங்கே டெலிபோன் லைனை மாற்றியிருந்தார்கள், அதனால் ரூட்டருக்கும் புது செட்டிங் போட வேண்டும். அதை முன்பு வைத்துவிட்டுப் போனவர் சிங்கப்பூருக்குப் போய்விட்டார், பாஸ்வேர்டையும் சேர்த்துக்கொண்டு. காளிதாஸ் அண்ணனுக்கு அன்று அது நான்காவது இடம். பெட்டியை அணைத்துப் போட்டு, விழித்த முதல் ஒரு நிமிடத்துக்குள் ‘பிரேக்’ விசையை அழுத்தி, அது பழைய பாஸ்வேர்டைக் கேட்பதற்குள் உள்ளே நுழைந்தார். புது பாஸ்வேர்டு வைத்தார், புது செட்டிங் எல்லாம் அடித்தார். லைன் வந்துவிட்டது.

அந்த நேரத்தில் சுங்கை ஊடாங்கிலிருந்து இன்னொரு வாடிக்கையாளர் போனில் என் காதைக் கிழித்துக்கொண்டிருந்தார். ஒரு டெக்னீஷியன் வேலையை முடித்து, அவரே போன் செய்து சொல்கிறவரை அவரை வேறு இடத்துக்குக் கூப்பிடக் கூடாது என்பது அலுவலகச் சட்டம். நான் மூன்று தடவை பேஜ் செய்தேன். மூன்றாவதில் ‘உடனே’ என்று போட்டேன். அண்ணன் கிளம்பிவிட்டார்.

ரூட்டருக்கு இரண்டு ஞாபகம் உண்டு. ஒன்று, ஓடும்போது வைத்திருப்பது. இன்னொன்று, கரண்ட் போனாலும் மறக்காதது. புது செட்டிங்கை இரண்டாவதில் ஏற்ற ஒரே ஒரு கட்டளை அடிக்க வேண்டும். அதை அவர் அடிக்கவில்லை. ஆலையில் கரண்ட் போனாலும் பேட்டரி தாங்கிக்கொண்டதால், எட்டு வாரம் அந்தப் பெட்டி அரைகுறை ஞாபகத்தோடு ஓடியது. ஒருவருக்கும் தெரியாது, அவருக்கும்தான்.

செப்டம்பர் கடைசியில் ஆயுதபூஜை வந்தது. அந்த ஆலையில் நம் ஆட்கள் நிறைய. வருடாவருடம் மெஷின்களை நிறுத்தி, கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு ராத்திரி ஓய்வு கொடுப்பார்கள். மேனேஜரும் அதற்கு ஒன்றும் சொல்வதில்லை. அந்த வருடம் ஆபீஸில் எடுபிடி வேலை பார்த்த மருதமுத்து, ஐம்பத்து மூன்று வயது மனிதர், மூலையில் மினுங்கிக்கொண்டிருந்த ரூட்டரையும் பார்த்திருக்கிறார்.

மறுநாள் காலை பெட்டியைப் போட்டும் லைன் வரவில்லை. லாரிகளின் எடை கோலாலம்பூர் தலைமையகக் கணினியில் ஏறினால்தான் செம்பனைக் குலையை இறக்கலாம். ஒன்பது மணிக்குள் லாரி வரிசை மெயின் ரோட்டு முனைவரை வந்துவிட்டது. வெயிலில் பழம் கெட ஆரம்பித்தது. காளிதாஸ் அண்ணன் போனபோது மருதமுத்து வாசலில் ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்திருந்தாராம்.

“தம்பி, நான்தான் ஆஃப் பண்ணேன். பாயிலர் நின்னுச்சு, நிறுவை நின்னுச்சு. இது மட்டும் ராப்பகலா ஓடிக்கிட்டே இருக்கே, பாவமா இருந்துச்சு. பிளக்கப் புடுங்கி, ஈரத்துணியால துடைச்சு, பொட்டு வச்சேன். மேனேஜர் என்னை வேலைய விட்டு நிப்பாட்டப் போறாராம். ரிப்போர்ட் வரட்டும்னு இருக்காரு.”

வேலை போனால் ஆலை கொடுத்த வீடும் போகும். அந்த வயதில் இன்னொரு வேலைக்கு யார் கூப்பிடப்போகிறார்கள்?

அண்ணன் பெட்டியைத் திறந்து பார்த்தார். உள்ளே சொட்டு ஈரம் இல்லை. பொட்டு மேல்மூடியில்தான் இருந்தது. லேப்டாப்பை மாட்டி, ஆகஸ்டில் தான் வைத்த பாஸ்வேர்டை அடித்தார். ஏற்கவில்லை. மறுபடி அடித்தார். மூன்றாம் தடவை அடிக்கும்போதே புரிந்துவிட்டது என்று என்னிடம் சொன்னார். பெட்டி சிங்கப்பூர்க்காரர் காலத்துக்குத் திரும்பிப் போயிருந்தது. அப்படியென்றால் அன்றைக்கு சேவ் ஆகவில்லை.

மறுபடி அணைத்து, மறுபடி பிரேக் விசை, மறுபடி நோட்டைப் பார்த்து எல்லாவற்றையும் அடித்தார். இந்தத் தடவை சேவ் செய்தார். இரண்டு தடவை அணைத்துப் போட்டும் பார்த்தார், வந்தது. பதினோரு மணிக்கு லாரிகள் நகர்ந்தன. அங்கிருந்தே எனக்குப் போன் செய்தார்.

“அனு, ரிப்போர்ட் எழுதிக்க. காரணம்: ஆகஸ்ட் ஆறாம் தேதி டெக்னீஷியன் செட்டிங்க சேவ் பண்ணாமப் போயிட்டான். பெட்டிய ஆஃப் பண்ணதால கெடல. ஆஃப் பண்ணி ஆன் பண்ணா அது திரும்பி வரணும். அவ்ளோதான். டைப் பண்ணி மேனேஜருக்கு ஃபேக்ஸ் அனுப்பிடு.”

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. “உங்களுக்கு என்ன பைத்தியமா அண்ணே? டிசம்பருக்குள்ள ஒரு ஆளக் குறைக்கணும்னு பாஸ் பட்டியல் போட்டுக்கிட்டு இருக்காருலா. கரண்ட் துண்டிச்சதால கோளாறுன்னு மட்டும் போடுவோம். அதுவும் பொய் இல்லையே.”

“அந்த ஒரு வரி போதும், நாளைக்கே அந்த மனுசன வெளிய தள்ளிடுவாங்க. தப்பு என்னோடதுன்னு தெரிஞ்சுக்கிட்டே எப்படி எழுதச் சொல்றே?”

“அன்னிக்கு ஏன் பாதியில கிளம்புனீங்கன்னு கேட்டா?”

“நான் உன் பேச்சே எடுக்கல. டைப் பண்ணு, எனக்கு முதுகு வலிக்குது” என்று போனை வைத்துவிட்டார். அவர் சொன்னபடியே டைப் செய்து அனுப்பினேன். அதில் பேஜரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மருதமுத்துவை வேலையில் வைத்துக்கொண்டார்கள். ஆனால் ரிப்போர்ட் நகலைப் பார்த்த எங்கள் பாஸ் பாலகிருஷ்ணன் என் மேசைக்கு வந்து நின்றார்.

“யாருக்குக் காது குத்துறான் இவன்? காளிதாஸ் சேவ் பண்ண மறப்பானா? அஞ்சு வருசத்துல ஒரு தடவ மறந்திருக்கானா? அந்த ஆளு தண்ணியக் கொட்டி, குங்குமத்தப் பூசியிருக்காரு. நம்ம ஆளாச்சேன்னு இவன் பழியத் தன் தலையில போட்டுக்கிட்டான். தப்பு பண்றவன வச்சுக்கலாம். கஸ்டமருக்குப் பொய் ரிப்போர்ட் கொடுக்கறவன எப்படி வச்சுக்கறது?”

நான் விரலை டைப் விசைகளின் மேலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

“அன்னிக்கு அவன் வேலைய முடிக்காம ஓடுறதுக்கு ஏதாவது அவசரம் வந்துச்சா? நீ கூப்பிட்டியா?”

“ஞாபகம் இல்ல சார்.”

இந்த விஷயத்தில் சொல்லப்பட்ட ஒரே பொய் அதுதான். கூப்பிட்டது உண்மை என்று சொல்லியிருந்தால் சட்டத்தை மீறியது நான் என்று ஆகியிருக்கும், பட்டியலில் என் பெயர் ஏறியிருக்கும். என் வீட்டுக்காரர் ஜூனிலிருந்து வேலை இல்லாமல் வீட்டில் இருந்தார். இதையெல்லாம் நியாயமாகச் சொல்லவில்லை. பயந்துவிட்டேன், அவ்வளவுதான். என் புத்தகத்தில் அந்த மூன்று அழைப்பும் மணியோடு எழுதியிருந்தது. பாஸ் அதைக் கேட்கவில்லை. நானும் எடுத்துக் காட்டவில்லை.

தீபாவளி முடிந்து மருதமுத்து ஒரு டின் முறுக்கோடு படியேறி வந்தார். அண்ணன் அப்போது வெளியே போயிருந்தார். “அந்தத் தம்பி எனக்காகப் பொய் எழுதினாரும்மா. யாரு செய்வா இந்தக் காலத்துல?” என்றார். “பொய் இல்ல அங்கிள், அது நெசந்தான்” என்றேன். அவர் சிரித்தார். “நீங்களும் அப்படித்தானே சொல்லணும்” என்று டின்னை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

நவம்பர் கடைசியில் காளிதாஸ் அண்ணனுக்கு வேலை நீக்கக் கடிதம் வந்தது. அதையும் டைப் செய்தது நான்தான். அதை வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட வந்தவர், என்றைக்கும் இல்லாமல், என் எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

“பாஸ் உன்ன ஏதாவது கேட்டாரா?”

“கேட்டாரு. ஞாபகம் இல்லன்னு சொல்லிட்டேன்.”

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கண்ணை மூடி முகத்தை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டார். “வீட்டுக்காரருக்கு வேலை கெடைச்சிடுச்சா?” என்றார். இல்லை என்று தலையாட்டினேன், அழுகை வந்துவிட்டது.

“அழாத அனு. வேலை போனது போகட்டும், எங்கயாச்சும் வயர் இழுக்கலாம். ஆனா ஆலையில மருதமுத்துவும் நம்ம ஆளுங்களும் கையெடுத்துக் கும்பிடுறாங்க, பாஸ் பொய்யன்னு சொல்றாரு. நான் அசந்துட்டேன், அசதியில விட்டுட்டேன். அத ஒருத்தர்கூட நம்பல.”

“நான் நம்புறேன் அண்ணே.”

அவர் பேனாவை மூடி என்னிடம் கொடுத்தார்.

“நீ என்ன நம்புறது? உனக்குத் தெரியும்” என்றார்.