பத்து பேரில் சேராத பத்து பேர்

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. பஹ்ரைனில், மனாமா கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு குறுகலான சந்தில், துணிக்கடை ஒன்றின் மாடி அறையில் நான் குடியிருந்தேன். கட்டுமானக் கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன் வேலை. கல்யாணமான கையோடு விமானம் ஏறியவன். மனைவி திருநெல்வேலியில் என் பெற்றோருடன் இருந்தாள். மற்ற நாட்களில் டூட்டி இருக்கும், எதையும் யோசிக்க நேரம் இருக்காது. வெள்ளிக்கிழமை விடுமுறை வந்தால்தான் வம்பு. எழுந்து, துணி துவைத்து, சோறு வடித்து, சாப்பிட்டும் முடித்துப் பார்த்தால் இன்னும் மதியம்கூட ஆகியிருக்காது.

பள்ளிவாசல்களில் பாங்கு ஒலிக்கும். தெருவே கிளம்பித் தொழுகைக்குப் போகும். எல்லோருக்கும் போக ஓர் இடம் இருந்தது. நானும் சும்மா இருக்கவில்லை. வடநாட்டு வியாபாரிகள் நடத்திய பழைய கோயில் ஒன்று கடைத்தெருவில் இருந்தது, அங்கே போய்ப் பார்த்தேன். சாமி நம் சாமிதான். ஆனால் பாட்டும் புரியவில்லை, பக்கத்தில் நின்றவர்கள் பேசியதும் புரியவில்லை. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் யாரும் சாப்பிடக் கூப்பிடாத ஆள் மாதிரி ஓரமாக நின்றுவிட்டுத் திரும்பினேன். அதன் பிறகு அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருந்த முருகன் படமே போதும் என்று இருந்துவிட்டேன்.

கீழே துணிக்கடை வைத்திருந்தவரை நான் வெகுநாள் அரபுக்காரர் என்றே நினைத்திருந்தேன். பேச்சு, உடை, தேநீர் குடிக்கும் விதம், எல்லாம் அப்படித்தான். அவர் யூதர் என்று பக்கத்து மளிகைக்கடைக்காரர் சொன்னபோது எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. யூதர்களைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்ததோடு சரி. அவர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே கடை வைத்து வாழ்ந்தவர்களாம். பலரும் வெளிநாடு போய்விட, மிஞ்சியது சில குடும்பங்கள்தான். பம்பாயோடு வியாபாரம் செய்து பழகியதால் அவருக்கு இந்தி தெரியும். எனக்கு சைட்டில் கற்ற இந்தி. இரண்டுமே அரைகுறை என்பதால் இருவருக்கும் நன்றாகவே ஒத்துப்போனது.

அவருடைய மனைவி முந்தைய வருடம் இறந்திருந்தார். பதினாறு வயதில் ஒரு மகள், பதினான்கில் ஒரு மகன். கடையை விற்றுவிட்டு லண்டனில் இருக்கும் தம்பியிடம் போய்ச் சேர்வதாக ஏற்பாடு. அதற்குள் பிள்ளைகளின் இங்கிலீஷைக் கொஞ்சம் தேற்றிவிட முடியுமா என்று என்னைக் கேட்டார். என் இங்கிலீஷின் யோக்கியதை எனக்குத் தெரியும். ஆனாலும் சாயங்காலங்களில் போக ஒரு வீடு கிடைக்கிறதே என்று தலையை ஆட்டிவிட்டேன்.

எனக்குத் தெரிந்த ஒரே பாடமுறை, கட்டுரை எழுதச் சொல்வது. நான் படித்த காலத்தில் எழுதியதையே அவர்களுக்கும் தலைப்பாகக் கொடுத்தேன்: நீ பார்த்த ஒரு புனிதமான இடம். தம்பி நாலு வரி கிறுக்கினான். அக்கா பேனாவைத் திறக்கவே இல்லை. ஓர் இடத்தைப் புனிதம் ஆக்குவது எது என்று என்னையே திருப்பிக் கேட்டாள். சாமி இருந்தால் புனிதம் என்றேன். சாமி எங்கேயும்தானே இருக்கிறார், அப்படியானால் இந்தச் சாப்பாட்டு மேஜையும் புனிதமா என்றாள். வசமாக மாட்டிக்கொண்டேன்.

அன்றைக்கு ஆரம்பித்த பேச்சு பல நாள் ஓடியது. ஒரு சாயங்காலம் இருவரும் என்னைக் கூட்டிப்போய், கடைத்தெருவில் பல வருடங்களாகப் பூட்டிக் கிடந்த தங்கள் ஜெப ஆலயத்தைக் காட்டினார்கள். வெறும் சுவரும் கதவும்தான். அதை எத்தனையோ தடவை கடந்து போயிருக்கிறேன், ஏதோ கிடங்கு என்று நினைத்திருந்தேன். கட்டடத்தில் ஒன்றுமில்லை, வயது வந்த ஆண்கள் பத்து பேர் கூடினால்தான் முழுப் பிரார்த்தனை என்று தம்பி விளக்கினான். பதின்மூன்று முடிந்ததால் அவனும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டான் என்பதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது.

என் பங்குக்கு நான் கும்பாபிஷேகத்தைச் சொன்னேன். கோயிலைப் புதுப்பிக்கும்போது சாமியின் சக்தியை மந்திரம் சொல்லிக் குடத்துத் தண்ணீருக்கு மாற்றி, வேறோர் இடத்தில் வைத்துப் பூஜை செய்வோம், வேலை முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்ப்போம் என்றேன். தம்பி சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை. அப்படியென்றால் புனிதத்தைத் தூக்கிக்கொண்டு போகலாமா என்று கேட்டாள். போகலாம் என்றேன். எங்கள் அம்மாவைத் தூக்கிக்கொண்டு போக முடியாதே என்றாள்.

அப்போதுதான் எனக்கு விஷயமே புரிந்தது. அவள் கேட்டுக்கொண்டிருந்தது என் கட்டுரைக்காக இல்லை. ஊருக்கு வெளியே சுற்றுச்சுவர் கட்டிய அவர்களுடைய சின்னக் கல்லறைத் தோட்டத்தில் அம்மா இருக்கிறார். வருஷ நினைவு நாள் வருகிறது, அது முடிந்த கையோடு இவர்கள் கிளம்புகிறார்கள். அன்றைக்கு மகன் சொல்ல வேண்டிய ஒரு பிரார்த்தனை உண்டு. அதற்கும் பத்து பேர் வேண்டும். அடக்கம் செய்த அன்று எப்படியோ ஆள் சேர்ந்தது. இப்போது அதில் பாதிப் பேர் நாட்டிலேயே இல்லை. அந்தப் பிரார்த்தனை இல்லாமல் போனால் அம்மாவை வெறும் மணலில் விட்டுவிட்டுப் போவது மாதிரி அவளுக்கு இருந்தது. அப்பா ஒன்றும் பேசுவதில்லை, தம்பியோ மத விதி என்றால் விதிதான் என்கிறான். யாரும் வராத இடம் புனிதமாக இருக்குமா சார் என்று கேட்டாள். அந்தக் கேள்வியோடு மாடி ஏறினேன்.

படுத்தபடி யோசித்ததில் என் மூளைக்கு ஒரு பிரமாதமான யோசனை தோன்றியது. பத்து பேர்தானே? எங்கள் கம்பெனித் தொழிலாளர்கள் தங்கியிருந்த கேம்ப்பில் ஆளுக்கா பஞ்சம்? நம் ஊரில் ஒரு வீட்டில் சாவு விழுந்து சொந்தக்காரர்கள் இல்லையென்றால் தெருவே வந்து நிற்காதா? இவ்வளவு நாள் இது தோன்றாமல் போயிற்றே என்று என்னையே திட்டிக்கொண்டேன். அவர்களிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. சந்தோஷப்படட்டும் என்று ரகசியமாக வைத்துக்கொண்டேன்.

நினைவு நாள் ஒரு வெள்ளிக்கிழமை. காலையில் கேம்ப்புக்குப் போய், புதுக்கோட்டைப் பக்கத்துக் கொத்தனார் ஒருவரிடம் விஷயத்தைச் சொன்னேன். கேம்ப்பில் அவர் சொன்னால் நாலு பேர் கேட்பார்கள்.

"யூதருன்னா யாரு சார், துலுக்கரா, வேதக்காரவுகளா?" என்றார்.

"ரெண்டும் இல்லை. அது வேற."

"எதா இருந்தா என்ன, ஆத்தா செத்தது ஆத்தா செத்ததுதானே. வண்டிக்குச் சொல்லுங்க. திரும்பி வந்தா குளிக்கணும், கேம்ப்புல தண்ணி மட்டும் நிக்காம இருக்கணும்."

அரை மணியில் அவரோடு சேர்த்து ஒன்பது பேர் குளித்து, பெட்டியில் மடித்து வைத்திருந்த வெள்ளைச் சட்டை வேட்டியோடு வந்து நின்றார்கள். ஒருவர் கையில் ஊதுபத்தி, இன்னொருவர் எங்கிருந்தோ ஒரு தேங்காய்கூடப் பிடித்துவிட்டார். கம்பெனி பிக்கப்பில் ஏறும்போது பத்தாவதாக ஓர் ஆள், யாரும் கூப்பிடாமலே ஏறி உட்கார்ந்தார். ராமநாதபுரத்துக்காரர், கம்பி கட்டும் வேலை. யாரோடும் பேச மாட்டார். சில மாதங்களுக்கு முன்னால் அவருடைய தாயார் இறந்து தந்தி வந்தது. பாஸ்போர்ட் கம்பெனியிடம், லீவு மாஃபி, கிடையாது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்கள். மறுநாளும் டூட்டிக்கு வந்து கம்பி கட்டினார் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

கல்லறைத் தோட்ட வாசலில் இறங்கியதும் நம் ஆட்கள் யாரும் சொல்லாமலே செருப்பை வரிசையாகக் கழற்றி வைத்தார்கள். தேங்காயையும் ஊதுபத்தியையும் மட்டும் வண்டியிலேயே வைக்கச் சொன்னேன். உள்ளே மணலும் சரளைக் கல்லும், அங்கங்கே சில கல்லறைகளும்தான். மரம் மட்டை எதுவும் கிடையாது. கடைக்காரர், பிள்ளைகள், வயதான உறவினர்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். எங்கள் கூட்டத்தைப் பார்த்ததும் அவர் திகைத்துப்போய், இவர்களெல்லாம் யார் என்று இந்தியில் கேட்டார்.

பத்து பேர் வேண்டும் என்றீர்களே, கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன் என்றேன். சொல்லும்போது என் முகத்தில் எவ்வளவு பூரிப்பு இருந்திருக்கும் என்று நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

வயதானவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தம்பிதான் என் பக்கத்தில் வந்து, தரையைப் பார்த்தபடி, "அந்தப் பத்து பேரும் எங்கள் ஆட்களாக இருக்க வேண்டும் சார்" என்றான்.

அத்தனை நாள் அதைப் பற்றியே பேசியிருக்கிறேன். பத்து பேர் என்றால் எந்தப் பத்து பேர் என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே. நம் ஊர் வழக்கத்தை அவர்கள் தலையில் கட்டி, துக்கத்துக்கு நடுவே ஒரு கூத்தையும் நடத்திவிட்டேன். பூமி பிளந்து உள்ளே போய்விடக் கூடாதா என்று இருந்தது. கொத்தனாரிடம் திரும்பி, வாங்க, போய்விடலாம் என்றேன்.

"ரஹனே தோ, பாய்" என்றார் கடைக்காரர். இருக்கட்டும் விடு என்று அர்த்தம். அவர் என்னைப் பார்க்கவில்லை. கொதிக்கிற மணலில் வெறுங்காலோடு நின்ற அந்த மனிதர்களின் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பிரார்த்தனையை இன்றைக்குச் சொல்ல முடியாது, ஆனால் தனியாகவும் சொல்லக்கூடிய வேதப் பாடல்கள் உண்டு, அவற்றைச் சொல்கிறோம், இவர்கள் நிற்கட்டும் என்றார்.

அப்பாவும் மகனும் மாற்றி மாற்றி வாசித்தார்கள். அவர்கள் தலையில் குல்லா இருப்பதைப் பார்த்துவிட்டு, நம் ஆட்கள் தோளில் கிடந்த துண்டைத் தலையில் போட்டுக்கொண்டார்கள். ஒரு வார்த்தை யாருக்கும் புரியவில்லை. ஒருவரும் அசையவும் இல்லை. பையனின் குரல் நடுவில் ஒரு தடவை உடைந்தது, அப்பா அவன் தோளைப் பிடித்துக்கொண்டதும் தொடர்ந்தான்.

முடிந்ததும் ஒவ்வொருவரும் தரையிலிருந்து ஒரு சிறு கல்லை எடுத்துக் கல்லறை மேல் வைத்தார்கள். வந்து போனதற்கு அடையாளம், அதுதான் எங்கள் வழக்கம் என்றாள் அந்தப் பெண். நம் ஆட்களும் வரிசையாகப் போய் வைத்தார்கள். கடைசியில் அந்த ராமநாதபுரத்துக்காரர் முறை வந்தது. கல்லை வைத்தவர் கையை எடுக்கவில்லை. அப்படியே முழங்கால் போட்டு உட்கார்ந்தார். "ஆத்தா... மண்ணு தள்ளக்கூட நான் வரலையே, ஆத்தா" என்று ஒரு சத்தம் வந்தது பாருங்கள், அத்தனை மாதமும் அடைத்து வைத்திருந்த சத்தம். கொத்தனார் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவர் ஏன் அழுகிறார் என்று அந்தப் பெண் கேட்டாள். சொன்னேன். அவள் போய் அவருக்கு எதிரில், கல்லறையின் மறுபக்கம், மணலில் உட்கார்ந்தாள். பேச அவர்களுக்குள் ஒரு பாஷையும் கிடையாது. அவர் அழுது முடிக்கும்வரை அங்கேயே இருந்தாள். எல்லோரும் காத்திருந்தோம். வெளியே வரும்போது வாசலில் இருந்த குழாயில் அவர்கள் கை கழுவினார்கள். நம் ஆட்களும் கேட்காமலே வரிசையில் நின்று கழுவினார்கள்.

அடுத்த வாரம் அவர்கள் கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம், ராமநாதபுரத்துக்காரர் கேம்ப்பிலிருந்து கடைக்கு வந்து நின்றார். அவர் தானாக ஓரிடத்துக்கு வந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்தப் பெண் பிள்ளையிடம் ஒன்று சொல்ல வேண்டும், இங்கிலீஷில் எடுத்துச் சொல்லுங்கள் என்றார்.

"என் ஆத்தா கிடக்கிற எடத்த நான் பாக்கல. ஒங்க ஆத்தா எடத்த வெள்ளிக்கெளம தவறாம நான் போயிப் பாத்துக்கிறேன். ஒத்தையில கெடக்குன்னு நெனக்கவேணாம்னு சொல்லுங்க சார்."

சொன்னேன். பாதியிலேயே என் இங்கிலீஷ் காலை வாரிவிட்டது. ஆனால் அவளுக்குப் புரிந்துவிட்டது. இரண்டு கைகளாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். போய்விட்டு வருகிறேன் என்று என்னிடம் சொன்னபோது அவள் முகம் தெளிந்திருந்தது.

கடை கைமாறியது. என் சாயங்காலங்கள் பழையபடி நீண்டன. முன்பாவது தனிமை பழகியிருந்தது. அந்த வீட்டுப் பேச்சுக்குப் பிறகு அதுவும் பழக மறுத்தது. பொறுக்க முடியாமல் ஒரு வெள்ளிக்கிழமை கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தேன். ராமநாதபுரத்துக்காரர் அங்கே இருந்தார். மணலைக் கையால் சமன் செய்து, காற்றில் உருண்ட கற்களை எடுத்து மேலே வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். தங்கச்சிக்கு வரன் வந்திருப்பதைச் சொல்லிக்கொண்டிருந்தார். யாரிடம் என்று நான் கேட்கவில்லை. என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டார். "இங்கன வந்து ஒக்காந்தா ஊட்டுக்குப் போய் வந்தாப்புல இருக்கு சார்" என்றார். நானும் உட்கார்ந்தேன்.

கான்ட்ராக்ட் முடிந்து அவர் ஊர் போனார். அதன் பிறகு, நான் நாடு திரும்பும்வரை, என்னால் முடிந்த வெள்ளிக்கிழமைகளில் நான் போனேன். லண்டன் போனவர்களைப் பற்றி அப்புறம் தகவல் எதுவும் கிடைக்கவில்லை.

இந்த வயதுக்குள் எத்தனையோ கோயில்களுக்குப் போய்விட்டேன். ஆனால் ஓர் இடத்தைப் புனிதம் ஆக்குவது எது என்று அந்தப் பெண் கேட்டது நினைவுக்கு வரும்போதெல்லாம், யாருடைய அம்மாவோ உறங்கும் மணலில் தன் அம்மாவுக்காக அழ இடம் கிடைத்த அந்த மனிதர்தான் என் கண்ணில் வந்து உட்காருகிறார்.