ஒரு பெயர் குறைந்த தமிழ் வகுப்பு

நேற்று வாசலில் கிடந்த பொதியைப் பிரித்தேன். காட்போட் பெட்டியின் பசை மணம் மூக்கில் ஏறியதும் உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்கவே மறந்துபோனேன். தொண்ணூறுகளில், கனடாவுக்கு வந்த புதிதில், நான் வேலைசெய்த ஸ்காபரோ பெட்டித் தொழிற்சாலை முழுவதும் இதே மணம்தான். மத்தியானம் கொண்டுபோன புட்டிலும் அடிக்கும்.

பக்கத்து மெசினில் நின்றவள் மேரே. நியூசிலாந்துக்காரி, மாவோரி இனத்தவள். என் ஆங்கிலம் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். மிச்ச நேரம் அவள்தான் பேசுவாள்.

என் ஆங்கிலம் இந்த இலட்சணத்தில் இருக்க, மகளைப் பள்ளியில் சேர்க்கும்போது படிவத்தில் வீட்டு மொழி ஆங்கிலம் என்று எழுதிக் கொடுத்தேன். தமிழ் என்று எழுதினால் பிள்ளையைத் தனி வகுப்பில் ஒதுக்கிவிடுவார்கள் என்று எங்கள் கட்டிடம் முழுக்க ஒரே கதை. எழுதியதை உண்மையாக்க வேண்டாமா? வீட்டில் தமிழுக்குத் தடை போட்டேன். மனைவி மகளைத் தமிழில் கூப்பிட்டால்கூட முறைப்பேன். எவ்வளவு பெரிய மடையன் பாருங்கள்.

அந்த செப்டெம்பரில், மேல்மாடியில் இருந்த செல்வம் அண்ணை கதவைத் தட்டினார். போதிய பெயர்கள் சேர்ந்தால் பள்ளியிலேயே சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு வைப்பார்களாம். அதற்காக மாடி மாடியாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார் மனிதர்.

"ஒரு பிள்ளைதான் குறையுது தம்பி. உம்மட மகளின்ர பேரைத் தாருமன்."

"அவளின்ர இங்கிலீஸ் பிந்திப்போகும் அண்ணை. பிறகு பாப்பம்."

அவர் அடுத்த கதவைத் தட்டப் போனார்.

மறுநாள் இதை மேரேயிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் மெசினை நிறுத்திவிட்டாள். பள்ளியில் மாவோரி பேசியதற்காக அவளுடைய தாய்க்கு அடி விழுந்ததாம். அந்தப் பயத்தில் தாய் பிள்ளைகளோடு ஆங்கிலம் மட்டுமே பேசினாள். இப்போது அங்கே பள்ளிக்கூடங்களிலேயே மாவோரி படிப்பிக்கிறார்கள். தங்கையின் பிள்ளைகள் தொலைபேசியில் பாடிக் காட்டுகிறார்கள். பெரியம்மாவான அவளுக்கு ஒரு சொல்லும் விளங்குவதில்லை.

"என்ர அம்மாவையாவது அடிச்சாங்கள். உன்னை ஆர் அடிச்சது?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

அதன்பிறகு மனம் வேலையில் நிற்கவில்லை. இரண்டு பெட்டிகளைத் தலைகீழாக ஒட்டினேன். தலையிடி என்று பொய் சொல்லிவிட்டு, இரண்டு பஸ் மாறிப் பள்ளி அலுவலகத்துக்கு ஓடினேன். காலையிலேயே பதிவு முடிந்து, வகுப்பு இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். அடுத்த வருடம் செல்வம் அண்ணை யூனியன்வில்லுக்குக் குடிபோனார். பெயர் சேர்க்க நானே மாடி ஏறியிருக்கலாம். இரட்டை ஷிஃப்ட் என்று சாட்டுச் சொன்னேன். இடையில் மகளோடு தமிழில் பேசிப் பார்த்தேன். "ஸ்டொப் இட், அப்பா" என்று காதைப் பொத்தினாள். வெட்கமாக இருந்தது. அவளைப் பழக்கியது நான்தானே.

தொழிற்சாலை போய் அந்த இடத்தில் இப்போது கொண்டோ மாடிவீடுகள் நிற்கின்றன. போனால் போகட்டும். மகள் பிக்கரிங்கில் இருக்கிறாள். நல்ல பிள்ளை, என்மேல் உயிர். போன கிழமை தன் சிநேகிதிக்கு என்னை அறிமுகம் செய்தாள். அப்பா அமைதியான மனிதர், அதிகம் கதைக்கமாட்டார் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். நானும் சிரித்துத் தலையாட்டினேன். இப்படித் தமிழில் வாய் ஓயாமல் அலம்பும் மனிதனை, நண்பரே, அவள் ஒருநாளும் சந்தித்ததில்லை.