பைனாகுலர் குணசீலன்

குணசீலன் அண்ணன் போய்விட்டார். நேற்று சாயங்காலம், சென்னையில். மூச்சுத் திணறலாம்... ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

பெயரைச் சொன்னால் பலருக்குத் தெரியாது. தொப்பி, அரை டிராயர், கழுத்தில் பைனாகுலர். "பறவை பாக்குறேன் சார், பறவை" என்று சொல்லிக்கொண்டே லேடீஸ் ஹாஸ்டல் மாடியைப் பார்த்து, வார்டனிடம் துடைப்பத்தால் அடி வாங்கி, மரத்திலிருந்து விழுவாரே... அவர்தான்.

காலையிலிருந்து எல்லா சேனலிலும் அந்த அடியைத்தான் போடுகிறார்கள்.

நம் சினிமாவில் பைனாகுலர் வைத்திருப்பவன் ஒன்று பெண்களை எட்டிப் பார்ப்பவன், இல்லை மறை கழன்றவன், அதுவும் இல்லையென்றால் கிளைமாக்ஸில் போலீஸ். பறவையைப் பார்ப்பதற்காகவே ஒருத்தன் பறவையைப் பார்த்ததை நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை.

அந்தக் காமெடியை எடுத்தது எங்கள் கொடைக்கானலில்தான். போளூர் ரோட்டில், சோலைக் காட்டை ஒட்டிய ஒரு பழைய பங்களாவை ஹாஸ்டலாக்கியிருந்தார்கள். க்ளோசப்புக்கு நல்ல பைனாகுலர் வேண்டுமென்று ஊரில் விசாரித்து, ஸ்கூல் ஆபீஸில் கிளார்க்காக இருக்கும் என்னிடம் வந்து நின்றார்கள். "பறவையைப் பத்தின சீன் மேடம்" என்றார்கள். நம்பி, லீவு போட்டுவிட்டு நானே எடுத்துக்கொண்டு போனேன்.

முதல் ஷாட்டிலேயே புரிந்துவிட்டது. உடம்பெல்லாம் கூசியது. என்னுடையதைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

பிரேக்கில் அண்ணன் என்னிடம் வந்தார். கையில் டீ. உசிலம்பட்டிக்காரர், சென்னையில் முப்பது வருஷம் இருந்தும் பேச்சு மாறவில்லை.

"ஏம்மா, நெசமாவே அதுல என்னதாம்மா தெரியும்?"

எனக்கு எரிச்சல். "லேடீஸ் ஹாஸ்டல்தான் தெரியும். அதான் உங்க டைரக்டரே சொல்லிட்டாருல்ல."

அவர் சிரிக்கவில்லை. டீயைக் கீழே வைத்தார்.

"கோவப்படாத தாயி. இருவது வருசமா இதை மாட்டிக்கிட்டு அடி வாங்குறேன்... ஒண்ணுலகூட கண்ணாடி இருந்ததில்ல. எல்லாம் வெறும் டப்பா. நான் பாத்ததே இல்லம்மா."

பையைத் திறந்தேன்.

ரோட்டோரக் காட்டுப் பூவரசில் சிவப்புப் பூக்களுக்கு நடுவே ஒரு சிரிப்பான் குருவி தேன் குடித்துக்கொண்டிருந்தது. மைனாவைவிடக் கொஞ்சம் சின்னது. வெள்ளைப் புருவம், செம்பழுப்பு வயிறு. இந்தப் பக்கத்து மலைகளை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. ஃபோகஸ் வைத்துக் கொடுத்தேன்.

"ஏ... யப்பா."

கொஞ்ச நேரம் கழித்து, கண்ணை எடுக்காமலே கேட்டார். "புருவத்துல ஒவ்வொரு முடியும் தெரியுதும்மா... இம்புட்டு நாளும் இது இங்கனதான் கெடக்கா?"

ஷாட் ரெடி என்று மூன்று தடவை கூப்பிட்டார்கள். அண்ணன் நகரவில்லை. மஞ்சு மூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது, வெளிச்சம் போய்விடுமென்று டைரக்டர் மைக்கில் கத்தினார். சின்ன வேஷக்காரர் ஒருவர் மொத்த யூனிட்டையும் காக்க வைப்பதா... எனக்குத்தான் பயம்.

ஒரு வழியாகப் போய் என் பைனாகுலரோடு கேமரா முன்னால் நின்றார். ஆக்‌ஷன் சொன்னதும் மரத்தைப் பார்த்தார். மெதுவாகக் கையை இறக்கினார். அவருடைய வழக்கமான இளிப்பு வரவேண்டும். வரவில்லை. வாய் லேசாகத் திறந்து, கண் நிறைந்து... அப்படியே நின்றுவிட்டார்.

"கட்! என்னய்யா, சாமி கும்பிடுறியா?" யூனிட்டே சிரித்தது.

அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு டைரக்டர் முன்னால் போய் நின்றார். "சார், பறவையைப் பாக்குற மாதிரியே ஒண்ணு எடுத்துக்கிருவோம் சார். அப்புறம் எம்புட்டு வேணும்னாலும் அடி வாங்குறேன்."

"பறவையைப் பாத்தா எவன்யா சிரிப்பான்?" என்றார் டைரக்டர். அடுத்த டேக்கில் அண்ணன் ஒழுங்காக இளித்தார்.

ஆனால் எடிட்டர் யாரோ புண்ணியவான், அந்தக் கட் ஆன ஷாட்டைப் படத்தில் வைத்துவிட்டார். மூன்று நொடி இருக்கும். அதன் மேல் 'டொய்ங்' என்று ஒரு சத்தம்.

பழனியில் தியேட்டரில் பார்த்தேன். அத்தனை பேரும் சிரித்தார்கள். அந்த முகம் எதைப் பார்த்தது என்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும்.

படம் ஓடிய பிறகு நான் பைனாகுலரோடு ரோட்டில் நடக்க முடியவில்லை. "மேடம், இன்னிக்கு எந்த ஹாஸ்டல்?" என்பார்கள். நம்பர் வாங்கிப் போயிருந்த அண்ணன் ஒருநாள் கூப்பிட்டபோது சொல்லிவிட்டேன். "என்னாலதான தாயி..." என்று போனை வைத்துவிட்டார்.

அடுத்த மாதமே மலையேறி வந்தார். சொந்தமாக ஒரு பைனாகுலரோடு. அதன்பிறகு ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை.

போன ஜனவரியில் அடுக்கம் ரோட்டில் நின்றிருந்தோம். பட்டுப்போன மரக்கிளையில் ஒரு பாம்புக் கழுகு. வேனில் வந்த ஒரு குடும்பம் அண்ணனை அடையாளம் கண்டு இறங்கியது. "அண்ணே, அந்த பைனாகுலர் சீனைச் செஞ்சு காட்டுங்கண்ணே!" போனையெல்லாம் தூக்கிவிட்டார்கள்.

"வேணாம்ணே, ஏற்கெனவே உங்களுக்கு மூச்சு வாங்குது" என்றேன்.

"இரு தாயி."

முழுசாகச் செய்தார். இளிப்பு, ஓட்டம், துடைப்ப அடி, தார் ரோட்டில் தொப்பென்று விழுந்தது வரைக்கும். அவர்கள் சிரித்து ஓய்ந்ததும், உட்கார்ந்தபடியே பைனாகுலரைக் கழற்றி, அவர்களில் மூத்த ஒரு அம்மாவிடம் நீட்டினார்.

"சிரிச்சாச்சுல்ல... இப்ப அந்தக் கிளையைப் பாருங்க."

அந்த அம்மா பார்த்தார்.

"ஆத்தீ... அது நம்மளையில்ல பாக்குது!"

ஒருவர் மாற்றி ஒருவர் வாங்கிப் பார்த்தார்கள். பதினோரு பேர். போனெல்லாம் எப்போது உள்ளே போனதென்று தெரியவில்லை. அண்ணன் ரோட்டிலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கியபடி, கழுகைப் பார்க்காமல் அவர்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்று மதியம் அவர் மகள் போன் செய்தாள். பேனருக்குப் போட்டோ வேண்டுமாம். "வீட்ல இருக்கிறதெல்லாம் அடி வாங்குற ஸ்டில்லா இருக்கு அத்தை..."

என்னிடம் நாற்பது, ஐம்பது இருக்கும். எடுத்துப் பார்த்தேன். ஒன்றில்கூட அவர் கேமராவைப் பார்க்கவில்லை.

அதிலேயே ஒன்றை அனுப்பிவைத்தேன்.

போயிட்டு வாங்கண்ணே.